நாற்காலியும் தீர்மானமும்

தமிழ் வகுப்பில் ‘தலைவி’ என்ற சொல்லை ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்ல நேர்கிறது. அவளுக்குப் பின்னால் கூட்டம் எதுவும் இல்லை. அவள் யாரையும் வழிநடத்துவதில்லை. காத்திருப்பாள், வருந்துவாள், ஊடுவாள். அகமரபு அவளுக்குப் பெயர்கூடத் தருவதில்லை. தொல்காப்பியம் அவளைக் ‘கிழத்தி’ என்கிறது. கிழமை என்றால் உரிமை என்று விளக்கும்வரை மாணவியர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதே ‘தலைவி’ கட்சி அரசியலுக்குள் வந்தபோது சுவரொட்டி அளவுக்கு, பிறகு கட்அவுட் அளவுக்கு வளர்ந்தாள். இப்போது கல்லூரிச் சுற்றறிக்கைகளில் அவளுக்கு மூன்றாவதாக ஒரு பிறவி வாய்த்திருக்கிறது. அதன் பெயர் ‘தலைமைப் பண்பு’. தலைமை ஒரு பண்பு என்று நாம் எப்போது முடிவு செய்தோம்?

கடந்த மார்ச்சில் சென்னைக்கு வெளியே கடற்கரைச் சாலை விடுதி ஒன்றில் இரண்டு நாள் நடந்த மகளிர் தலைமைப் பண்பு மாநாட்டுக்கு, பதினொரு மாணவியரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். நடத்தியவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. மார்ச் மாதத்தில் இத்தகைய மாநாடுகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாது. ஊதா நிறப் பின்திரை, குத்துவிளக்கு, ஒரு காவல்துறை அதிகாரி, ஒரு மென்பொருள் நிறுவன அதிகாரி, வீட்டிலிருந்தே தொழில் தொடங்கி வென்ற ஒருவர், தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் ஒருவர். ஊராட்சி மன்றத் தலைவர் ஒருவரும் வந்திருந்தார். அவருக்கு ஏழு நிமிடம். குடிநீர்க் குழாய் இணைப்பில் ஒப்பந்ததாரர் செய்த தில்லுமுல்லை எப்படிக் கண்டுபிடித்தார் என்று சொல்லத் தொடங்கினார். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. நேரமாகிவிட்டதென்று மணி அடித்தார்கள். இரண்டு நாளில் என் மாணவியர் குறிப்பேட்டை எடுத்து எழுதியது அந்த ஏழு நிமிடத்தில்தான் என்பதை நான் கவனித்தேன்.

மாநாட்டின் முழக்கம் ஒரு நாற்காலி. மேடையில் வெள்ளை நிறத்தில் ஒரு நாற்காலியை வைத்திருந்தார்கள். பேச வந்த ஒவ்வொருவரும் அதைத் தொட்டுக் காட்டி, “உங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு நீங்களே உட்காருங்கள், யாரும் உங்களை அழைக்க மாட்டார்கள்” என்ற பொருளில் ஏதாவது சொன்னார்கள். இதன் ஊற்று எது என்று தேட வேண்டியதில்லை. ஃபேஸ்புக் நிறுவனத்தின் உயரதிகாரியாக இருந்த ஷெரில் சாண்ட்பர்க் 2013-இல் எழுதிய ‘லீன் இன்’ நூலில், மேசையருகே வந்து உட்காருங்கள் என்பதே ஓர் அத்தியாயத்தின் தலைப்பு. அமெரிக்க நிதித்துறைச் செயலரோடு ஒரு கூட்டத்துக்கு வந்த பெண் அதிகாரிகள் மேசையில் இடமிருந்தும் ஓரத்து நாற்காலிகளில் போய் உட்கார்ந்துகொண்டார்கள், கூப்பிட்டும் வரவில்லை என்ற நிகழ்ச்சியிலிருந்து அந்த அத்தியாயம் புறப்படுகிறது. பெண்களைத் தடுப்பவற்றுள் அவர்கள் மனத்துக்குள்ளிருக்கும் தடையும் ஒன்று என்பது அவர் வாதம். அதில் உண்மையே இல்லையென்று சொல்ல மாட்டேன். துறைக் கூட்டங்களில் கதவோரம் பார்த்து உட்காரும் பெண் பேராசிரியர்களை எனக்குத் தெரியும். ஆனால் நூல் வெளிவந்த ஆண்டிலேயே பெல் ஹூக்ஸ் அதை மறுத்து எழுதினார். இனமும் வர்க்கமும் இல்லாத ஒரு பெண்ணை நடுவில் வைத்து, இருக்கிற அமைப்புக்குள்ளேயே அவளுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டால் போதும் என்று சொல்வது எப்படிப் பெண்ணியமாகும் என்பது அவர் எழுப்பிய சிக்கல். சாதியையும் சேர்த்துக்கொண்டால் அந்தக் கேள்வி நம்முடையது.

2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் வெளியானது. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சி மன்றக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலிகளில் இருக்கிறார்கள். ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் இன்னொரு தலித் பெண் தலைவர் தேசியக் கொடி ஏற்றவிடாமல் தடுக்கப்பட்டார். சில நாள் கழித்து, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில்தான் அவரால் கொடியேற்ற முடிந்தது.

இந்த இருவருக்கும் தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் என்ன சொல்லிக்கொடுப்பார்? இவர்கள் தேர்தலில் நின்றார்கள், வாக்குக் கேட்டார்கள், வென்றார்கள். 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு 2016-இல் அதை 50 விழுக்காடாக்கியது. சட்டம் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாயிற்று. அவர்களும் வந்தாயிற்று. அதற்குப் பிறகும் உட்கார முடியவில்லை என்றால் தடை அவர்கள் மனத்துக்குள் இல்லை. அதே அறையில், அவர்களுக்கு எதிரில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. வெள்ளை நாற்காலியைத் தொட்டுப் பேசிய ஒருவர்கூடச் சாதி என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. இரண்டு நாள் மாநாட்டில் அந்தச் சொல் ஒரே ஒரு முறைதான் கேட்டது. அதுவும் “சாதிக்கலாம்” என்ற வினையில்.

இரண்டாம் நாள் காலை அமர்வில் திரையில் ஒரு பட்டியல் வந்தது. தலைவியிடம் இருக்க வேண்டிய குணங்கள்: அச்சமின்மை, தெளிவு, உறுதி, புன்னகை, பரிவு, நேரம் தவறாமை. (புன்னகை நான்காவது இடத்தில் இருந்தது. ஆண்களுக்கான இத்தகைய பட்டியலில் புன்னகை இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொன்னால் நல்லது.) முனைவர் பட்டத்துக்காக ஆறு ஆண்டுகள் அகப்பொருள் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய எனக்கு, இது எங்கோ படித்த மாதிரி இருந்தது. தொல்காப்பியம் தலைவனுக்குப் பெருமையையும் உரனையும் வைத்துவிட்டு, தலைவிக்கு அச்சம், நாணம், மடம் என்று மூன்றை வைக்கிறது. பிற்காலத்தார் பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கினார்கள். பழைய இலக்கணம் அஞ்சு என்கிறது, புதியது அஞ்சாதே என்கிறது. இரண்டுக்கும் பேசுபொருள் அவள் குணம்தான். அவள் எங்கே நிற்கிறாள், எதிரில் யார் நிற்கிறார்கள், நிலம் யாருடையது என்ற கேள்விகளுக்குத் திரையில் இடம் இல்லை. உண்மையைச் சொன்னால், இந்த விஷயத்தில் பழைய இலக்கணம் மேல். அது திணை வகுத்தது. நிலமும் பொழுதும் இல்லாமல் ஒரு பெண்ணைப் பேச அதற்குத் தெரியாது.

இன்னொன்றும் அங்கே உண்டு. அகப்பாட்டில் தலைவி தன் செய்தியைத் தானே எழுந்து நின்று அறிவிப்பதில்லை. அவள் தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையருக்கும். அறத்தொடு நிற்றல் என்று இதற்குப் பெயர். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்று ஒரு பேச்சை வீட்டு அதிகாரத்தின் வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாடு. இதைப் போற்றிக் கொண்டாடவேண்டாம்; இவ்வளவு பாடும் ஒரு திருமணத்துக்காகத்தான். ஆனாலும் ஒருத்தியின் காரியத்துக்கு நான்கு பேர் வாய் தேவைப்படும் என்று அந்த மரபுக்குத் தெரிந்திருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் திரும்பத் திரும்பக் கேட்டது “நீ, நீ மட்டும்” என்பது.

மண்டபத்தின் வாசல்களில் ஒரே நிறப் புடவையில் இளம்பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கேட்டரிங் படிப்பவர்கள். காலை எட்டு மணிக்கு நிற்கத் தொடங்கி மாலைவரை நின்றார்கள். மேடைமீது நாற்காலியைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்க, பின்வரிசையில் முப்பது நாற்காலிகள் காலியாக இருந்தன. “கொஞ்ச நேரம் உட்காரும்மா” என்றேன் ஒருத்தியிடம். “வேணாம் மேடம், சூப்பர்வைசர் பாத்தா திட்டுவாரு” என்றாள். குதிகால் செருப்பிலிருந்து ஒரு காலை மெல்ல வெளியே எடுத்து, மறுகால் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.

உட்காரும் உரிமைக்கு நம் பக்கத்து மாநிலத்தில் ஒரு வரலாறு உண்டு. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு நாள் முழுவதும் உட்கார அனுமதி இல்லை. கழிப்பறையும் இல்லை. தண்ணீர் குடிக்காமல் இருந்தே சமாளித்தார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார். முதல் கோரிக்கை கழிப்பறை. அதன் பிறகுதான் இருக்கை. ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டத்தின் முடிவில் 2018-இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் அதே திருத்தத்தைச் செய்தது. ‘அங்காடித் தெரு’ 2010-இல் வந்தபோது ரங்கநாதன் தெருவின் கால்களைப் பார்த்துக் கண்கலங்கிய நாம், சட்டத்துக்காக மேலும் பதினொரு ஆண்டுகள் காத்திருந்தோம்.

நாற்காலியைப் பற்றித் தலைமை மாநாட்டில் பேச வேண்டியவர் விஜி. அவருடைய கதையில் யாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தனியாக உட்காரவில்லை. அப்படித் தனியாக உட்கார்ந்தவளுக்கு மறுநாள் வேலை இருந்திருக்காது.

முதல் நாள் பிற்பகல் கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்தார். மேற்கு மாவட்டம் ஒன்றில் தனியார் கல்லூரியில் கணிதம் நடத்துபவர். முந்தைய ஆண்டு பிரசவத்துக்குப் போன சக ஆசிரியர் திரும்பி வந்தபோது அவர் இடத்தில் வேறொருவர் இருந்தாராம். “நான் இப்போ அஞ்சு மாசம். நிர்வாகத்துக்கிட்ட எப்போ சொல்றது, எப்படிச் சொல்றது?” என்று கேட்டார். மேடையிலிருந்து வந்த பதில் கனிவாகத்தான் இருந்தது. முதலில் உங்கள் மதிப்பை நீங்கள் உணர வேண்டும். உங்களை இழக்க முடியாது என்று நிர்வாகமே நினைக்கும் அளவுக்கு உங்களை வளர்த்துக்கொள்ளுங்கள். கைதட்டினார்கள். கணித ஆசிரியர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

1961-இல் இந்த நாட்டில் மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017 திருத்தத்தில் ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே திருத்தம்தான். பத்துப் பேர் வேலை செய்தாலே பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். வேலைக்குப் போகும் நானூறு பெண்கள் கூடிய மண்டபத்தில் இவற்றில் ஒன்றைக்கூட எவரும் சொல்லவில்லை. உரிமை என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் திறமை என்று எழுதப்பட்டிருந்தது. திறமைக்குறைவு என்றால் குற்றம் அவளுடையதாகிவிடுகிறது அல்லவா? வேலை போனால், அவள் தன்னைப் போதுமான அளவு வளர்த்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

தமிழில் மாநாடு என்ற சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் முன்பு கிடையாது. மாநாடு என்றால் கடைசியில் தீர்மானம் இருக்கும். தீர்மானம் கூட்டத்துக்கு வெளியே இருப்பவர்களை நோக்கியது. அரசே இதைச் செய், சமூகமே இதை நிறுத்து என்பது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 ஆயிற்று. அறுபது ஆண்டு. ஒன்றியம் முழுவதற்கும் 2005. தீர்மானங்கள் மெதுவாக நடக்கின்றன, ஆனால் தாளில் கிடப்பதால் அடுத்த தலைமுறைப் பெண்ணால் அதை எடுத்துக் காட்டிக் கேட்க முடிகிறது. நான் போன மாநாட்டில் தீர்மானம் கிடையாது. கருத்துப் படிவம் இருந்தது. “இங்கிருந்து நீங்கள் எடுத்துச் செல்லும் மூன்று விஷயங்கள்” என்று அதில் கேட்டிருந்தார்கள். எதையாவது கொண்டுவந்து வைக்கலாம் என்று ஒரு பெண் நினைத்தால், அதற்குக் கட்டம் இல்லை.

பழையதெல்லாம் பொன் என்று சொல்லவில்லை. செங்கல்பட்டு மாநாட்டின் தலைமை நாற்காலியில் ஓர் ஆண்தான் இருந்தார். 1938 நவம்பர் 13 அன்று சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் நடந்த தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்கு நீலாம்பிகை அம்மையார் தலைமை ஏற்றார். டாக்டர் தருமாம்பாளும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதில் முன்நின்றவர்கள். அந்த மாநாட்டிலிருந்து நம் பாடப்புத்தகங்கள் வைத்துக்கொண்டிருப்பது ஒரே செய்தி: ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பட்டம் அங்கேதான் வழங்கப்பட்டது. பெண்கள் கூடி ஓர் ஆணுக்குப் பெயர் வைத்தார்கள் என்பது நினைவிருக்கிறது; கூடிய பெண்களின் பெயர் நினைவில்லை. மறுநாள் தருமாம்பாளும் இராமாமிர்தமும் வேறு சில பெண்களும் கட்டாய இந்தியை எதிர்த்து மறியல் செய்து கைதானார்கள், சிலர் கைக்குழந்தைகளோடு. அரசு அதற்குப் பெரியார் மீதும் வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டு, பெண்களைத் தூண்டினார் என்பது. சிறைக்குப் போகப் பெண்கள் தாங்களாக முடிவெடுத்திருக்கக்கூடும் என்பதை அந்த அரசாங்கத்தால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

இராமாமிர்தம் அம்மையார் அதே ஆண்டு ஆகஸ்டில் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் ஒரே பெண்ணாக 42 நாள் நடந்தவர். அப்போது அவருக்கு 55 வயது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ‘தாசிகளின் மோசவலை’ என்ற நாவலை 1936-இல் எழுதியவர். அவர் பெயர் இன்று ஓர் அரசுத் திட்டத்தில் இருக்கிறது. என்னோடு வந்த பதினொரு பேரில் எட்டுப் பேர் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவர்கள். அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் வருகிற மூவலூர் இராமாமிர்தம் யாரென்று திரும்பும் வழியில் கேட்டேன். ஒருத்தி, “யாரோ அமைச்சரோட அம்மா” என்றாள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு நாளாகத் தலைமையைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அமெரிக்காவில் பிறந்த மூன்று பெண்களின் வெற்றிக்கதைகள் திரையில் ஓடின. திருவாரூரில் பிறந்த இந்தக் கிழவிக்கு ஒரு ஸ்லைடு இல்லை.

அந்த இரண்டு நாளும் வீண் என்று எழுதினால் அது பொய். மாணவியரில் நான்கு பேர் முதன்முறையாகக் கடலைப் பார்த்தார்கள். வீட்டில் அனுமதி வாங்க ஒருத்தி மூன்று நாள் பட்டினி கிடந்திருக்கிறாள். மாநாடு என்ற சொல்லுக்கு இருந்த மதிப்புதான் கடைசியில் அவள் அப்பாவை இணங்க வைத்தது. மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், பயனுள்ள விஷயம். எல்லாவற்றுக்கும் மேல், நானூறு பெண்களை ஒரே கூரையின் கீழ்ச் சாப்பாட்டு வரிசையில் நிற்க வைத்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அது ‘உணவு இடைவேளை’ என்றுதான் போட்டிருந்தது.

இரண்டாம் நாள் அந்த இடைவேளையில் கணித ஆசிரியரின் மேசைக்கு ஒவ்வொருவராகத் தட்டோடு வந்து சேர்ந்தார்கள். “நீங்கதானே நேத்து கேட்டது?” என்றுதான் எல்லோரும் தொடங்கினார்கள். ஒருவருக்கு மே மாதச் சம்பளம் கிடையாது. ஒருவரின் அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கிறது. ஒருவர் கருவுற்றதைச் சொல்லாமல் ஏழாம் மாதம்வரை புடவைத் தலைப்பைச் சுற்றி மறைத்துக்கொண்டு வகுப்பெடுத்திருக்கிறார். அதைச் சிரித்தபடி சொன்னார். தயிர்சாதம் காய்ந்துகொண்டிருந்தது. கருத்துப் படிவத்தின் பின்பக்கம் வெறுமையாக இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். என் மாணவியரில் கையெழுத்து நன்றாக இருப்பவளை உட்கார வைத்து எழுதச் சொன்னார்கள். மகப்பேறு விடுப்பு ஊதியத்துடன் வேண்டும், திரும்பி வரும்போது அதே பணி வேண்டும், அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தர வேண்டும், கோடை விடுமுறைக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. நான்கு வரிகள். யாருக்கு அனுப்புவது என்பதில் வாக்குவாதம் வந்தது: பல்கலைக்கழகப் பதிவாளருக்கா, கல்லூரிக் கல்வி இயக்குநருக்கா, மகளிர் ஆணையத்துக்கா? மூன்று பேருக்கும் அனுப்புவோம் என்றார் ஒரு மூத்த நூலகர். அதற்குள் அடுத்த அமர்வுக்கு மணி அடித்துவிட்டார்கள். அந்த மேசையிலிருந்து யாரும் எழவில்லை.

பதினான்கு பேர் கையெழுத்திட்டார்கள். கல்லூரியின் பெயரை எழுதுவதா வேண்டாமா என்ற இடத்தில் பேச்சு நின்றுபோனது. ஐந்து பேர் எழுதினார்கள். மற்றவர்களின் பெயருக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. அந்தத் தாள் இப்போது கணித ஆசிரியரிடம் இருக்கிறது. அவருக்கு ஜூலையில் நாள் குறித்திருக்கிறார்கள்.